அடிவாரத்தில் அருளும் பரங்குன்றத்தான்

அறுபடை வீடுகளையும் ஒருமுறையேனும் தரிசித்து வரவேண்டும் என்னும் ஆசை முருகனடியார் அனைவர்க்கும் உண்டு. இளமையில் அலுவலும் குடும்பமும் அதற்கு இடம் தருவதில்லை. ஓய்வு வாய்க்கும் பருவத்திலோ முழங்கால் இடம் தருவதில்லை. தணிகையின் 365 படிகளையும் பழநியின் நெடிய படி வழியையும் எண்ணும்போதே பலர்க்கு மனம் தளர்ந்து விடுகிறது. வண்டி வாடகைக்கு ஓய்வூதியத்தில் எவ்வளவு போகும் என்ற கணக்கு ஒரு பக்கம். வெளியில் உண்டால் வயிறு என்ன சொல்லுமோ என்ற அச்சம் மறுபக்கம். பிள்ளைகளைத் துணைக்கு அழைத்தால் அவர்கள் விடுப்பு எடுக்க வேண்டும். ஆகவே, “இனி வீட்டுப் பூசையறையே போதும்” என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

அந்த முடிவால் பக்தி குறைந்துவிடுவதில்லை. ஆனால் வீட்டின் வாசற்படி நாளுக்கு நாள் உயரமாகிவிடுகிறது. இன்று பழநிக்குப் போக இயலாதென்று நின்றவர், நாளை அடுத்த தெருக் கோயிலுக்கும் போகாமல் நின்றுவிடுகிறார். அத்தகைய பெரியோர்க்கென்றே அமைந்தது போல் விளங்குகிறது முருகப் பெருமானின் முதற்படை வீடாகிய திருப்பரங்குன்றம்.

மதுரைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில், ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கும் குன்றின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் அது. மதுரை வளர்ந்து வந்து தொட்டுவிட்டதால் இன்று அது நகரின் ஒரு புறப்பகுதி. எனினும் தேரோடும் வீதிகளும் திருக்குளமும் கோபுரமும் சேர்ந்து, தனி ஊரென்னும் பெருமையை இன்னும் காத்து வருகின்றன. பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து நகரப் பேருந்துகள் அடிக்கடி செல்கின்றன. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிர்க்குக் கட்டணம் இல்லை. மதுரையிலிருந்து விருதுநகர் செல்லும் இருப்புப் பாதையில் இவ்வூருக்கென ஒரு ரயில் நிலையமும் உண்டு. வண்டி வாடகைக் கவலை இவ்வளவில் தீர்ந்தது.

மலை ஏறும் கவலையும் இங்கு இல்லை. மற்ற மலைத் தலங்கள் பலவற்றில் மலைமேல் கோயில் இருக்கும். இங்கோ மலையே கோயிலின் கருவறை. குன்றின் வடபுற அடிவாரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த குகையில் பெருமான் எழுந்தருளியிருக்கிறான். உச்சிக்குச் செல்லாமலே மலையின் மடியில் அவனைக் கண்டு வணங்கலாம்.

*சங்க காலத்துச் சிற்றுலா*

ஒரு நாள் பொழுதில் சென்று, இறைவனைத் தொழுது, குன்றைச் சுற்றிப் பார்த்து, உண்டு மகிழ்ந்து மாலையில் வீடு திரும்புவது மதுரை மக்களுக்குப் புதிய வழக்கம் அன்று. எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றான பரிபாடலில் இன்று கிடைக்கும் 22 பாடல்களுள் 8 பாடல்கள் செவ்வேளாகிய முருகனைப் போற்றுவன. அவற்றுள் நப்பண்ணனார் பாடிய 19ஆம் பாடல், கூடல் மாநகரிலிருந்து பரங்குன்றத்துக்குச் செல்லும் மக்கள் கூட்டத்தைக் கண்முன் நிறுத்துகிறது.

நகருக்கும் குன்றுக்கும் இடைப்பட்ட வழி முழுவதும் மக்கள் நிறைந்திருக்கிறார்கள். பாண்டிய மன்னனும் தன் சுற்றத்தோடு வந்து குன்றை வலம் வருகிறான். மக்களுள் சிலர் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்கிறார்கள். சிலர் கருமுகக் குரங்குகளுக்குக் கரும்பு கொடுக்கிறார்கள். கோயிலைச் சார்ந்த ஓவிய மண்டபத்தில் இரதியும் காமனும், அகலிகையும் கௌதமரும், பூனையுருக் கொண்ட இந்திரனும் தீட்டப்பட்டிருக்கின்றனர். அறியாதவர் “இது யார், அது யார்?” என வினவ, அறிந்தவர் விளக்கிக் கூறுகின்றனர்.

அப்பாடலில் ஒரு சிறுமியும் வருகிறாள். பாறைகளுக்கிடையே புகுந்து, சுற்றத்தாரைப் பிரிந்து, வந்த வழியை மறந்துவிடுகிறாள். அஞ்சிக் குரல் கொடுக்கிறாள். மலைமுழை அக்குரலை எதிரொலிக்கிறது. தன்னவர்தாம் அழைக்கிறார்கள் என்றெண்ணி, அவ்வொலி வந்த பக்கமே போகிறாள். அங்கே யாரையும் காணாமல் மீண்டும் மீண்டும் கூவுகிறாள். பேரன் பேத்தியரைக் கோயில் கூட்டத்தில் ஒரு நொடி தவறவிட்டுத் தேடியிருக்கும் பாட்டிமார்க்கு இக்காட்சிக்கு உரை தேவையில்லை.

பெருஞ்செலவில் நெடுந்தொலைவு செல்வது மட்டுமே யாத்திரை, அருகில் உள்ள தலத்துக்குச் சென்று வருவது அதற்கு அடுத்தபடிதான் என்றொரு எண்ணம் இன்று பரவியிருக்கிறது. பரிபாடல் அவ்வாறு கருதவில்லை. ஒரு பகற்பொழுதில் போய்வரும் எளிய உலாவையே அது தெய்வப் பாட்டாகப் பாடியிருக்கிறது.

*குகையில் ஐவர்*

காலை வெயில் ஏறுமுன் கோயிலை அடைந்துவிடுவது முதியோர்க்கு நலம். சன்னதித் தெருவில் பதினாறு கால் மண்டபத்தைக் கடந்து செல்கையில், ஏழு நிலை இராஜகோபுரத்தின் பின்னால் பாறை எழுந்து நிற்பது தெரியும். மதுரை மல்லிகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். அந்த மல்லிகையைச் சரமாகத் தொடுத்து வைத்துக்கொண்டு பூக்காரப் பெண்கள் வாசலில் அமர்ந்திருப்பார்கள். ஒரு முழம் பூ போதும். பரங்குன்றத்தான் அதற்கு மேல் கேட்பதில்லை.

கோபுர வாசலை அடுத்து, சிற்பத் தூண்கள் நிறைந்த ஆஸ்தான மண்டபம். அதன்பின் கொடிமரம் விளங்கும் கம்பத்தடி மண்டபம், மகா மண்டபம், அர்த்த மண்டபம் என ஒன்றைவிட ஒன்று உயரமாக அமைந்துள்ளன. மலை ஏற வேண்டுவதில்லை எனினும், கோயிலுக்குள் படிகள் உண்டு என்பதைப் பெரியோர் மனத்தில் கொள்ள வேண்டும். ஆனால் அவை ஒரே மூச்சில் ஏற வேண்டியவை அல்ல. மண்டபத்துக்கு மண்டபம் நின்று, தூணோரம் சற்று அமர்ந்து, சிற்பங்களைக் கண்டு, பிறகு ஏறலாம்.

கருவறைக் குகையில் ஐந்து தெய்வங்கள் அருள்பாலிக்கின்றனர். சுப்பிரமணியர், துர்க்கை, கற்பக விநாயகர் ஆகிய மூவரும் வடக்கு நோக்கி விளங்குகின்றனர். சத்தியகிரீசுவரர் கிழக்கு நோக்கியும், அவருக்கு எதிரே பவளக்கனிவாய்ப் பெருமாள் மேற்கு நோக்கியும் எழுந்தருளியுள்ளனர். சிவபெருமானுக்கு எதிரில் திருமால் விளங்கும் அரிய காட்சி இது. சைவம், வைணவம், சாக்தம், கௌமாரம், காணபத்தியம் ஆகிய ஐந்து வழிபாடுகளும் ஒரே குகைக்குள் நிறைவேறி விடுகின்றன. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் இக்குடைவரை சிறப்புற்றது. சாத்தன் கணபதி என்னும் அரச அதிகாரியின் திருப்பணியையும், அவன் மனைவி நக்கன் கொற்றி செய்த பணியையும் இங்குள்ள கல்வெட்டு கூறுகிறது.

சூரனை வென்ற குமரனுக்கு இந்திரன் தன் மகள் தெய்வானையை மணம் செய்து கொடுத்த தலம் இது. அதனால் பெருமான் இங்கு அமர்ந்த கோலத்தில் காட்சி தருகிறான். பாறையிலேயே வடித்த திருமேனி ஆதலால் மூலவர்க்கு அபிஷேகம் இல்லை. அவன் கை வேலுக்கே அபிஷேகம் நடைபெறுகிறது. முகூர்த்த நாட்களில் மணமக்கள் வரிசையாக வந்து வணங்கும் காட்சியையும் காணலாம். அத்தகைய நாளில் நெரிசல் மிகும் என்பது உண்மையே. ஆனால் முன்பின் அறியாத மணமக்கள் தாமாகவே வந்து காலில் விழுந்து ஆசி பெறும் பேறு, வீட்டுக்குள் இருப்போர்க்கு எங்கே கிடைக்கும்?

*ஆற்றுப்படையும் ஆறிய பசியும்*

இத்தலத்தோடு பிரியாது இணைந்தவர் நக்கீரர். சரவணப் பொய்கைக் கரையில் அவர் சிவபூசையில் இருந்தபோது, ஆலிலை ஒன்று பாதி நீரிலும் பாதி நிலத்திலுமாக வீழ்ந்தது. நீரில் பட்ட பாதி மீனாகவும், நிலத்தில் பட்ட பாதி பறவையாகவும் மாறி ஒன்றையொன்று இழுத்தன. அவ்விந்தையில் புலவரின் சிந்தை சிதறிய நொடியில், கற்கிமுகி என்னும் பூதம் அவரைப் பற்றிக் கொண்டுபோய்க் குகையில் அடைத்தது. ஏற்கெனவே 999 பேர் அங்கே அடைபட்டிருந்தனர். நக்கீரரோடு ஆயிரம் நிறைந்தது. அவர் முருகனைப் பாட, பெருமான் வேலால் மலையைப் பிளந்து அனைவரையும் மீட்டான் என்பது தல வரலாறு. அப்பாட்டே 317 அடிகள் கொண்ட திருமுருகாற்றுப்படை. அது முதலில் போற்றும் தலம் பரங்குன்றம்.

ஆற்றுப்படை என்பது வழிகாட்டும் நூல். பரிசு பெற்று வந்தவன், பெறாமல் வருந்துவோனுக்கு, “இவ்வழியே போ, இன்னாரைக் காண்பாய்” என்று நெறி சொல்வது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். அவற்றுள் பெரும்பாணாற்றுப்படை போன்றவை, வழியில் எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் மறவாது சொல்கின்றன. வெண்ணெயில் வெந்த மாதுளம்பிஞ்சுத் துண்டுகளில் மிளகும் கறிவேப்பிலையும் கலந்த பொரியலையும், மாவடு ஊறுகாயையும்கூட அந்நூல் விட்டுவிடவில்லை. பசித்தவனுக்கு வழி சொன்னால் மட்டும் போதாது. சோறு கிடைக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும் என்பதைப் பழந்தமிழ்ப் புலவர் அறிந்திருந்தனர்.

தரிசனம் முடித்து வருவோரின் பசிக்குப் பரங்குன்றத்து வீதிகள் இன்றும் விடை சொல்லும். சன்னதித் தெருவிலும் ரத வீதிகளிலும் சிறு சிற்றுண்டிக் கடைகள் உள்ளன. பெரிய உணவகங்களின் குளிரூட்டிய அறை இங்கு இல்லை. ஆவி பறக்கும் இட்டலியும் தேங்காய்ச் சட்டினியும் சாம்பாரும் உண்டு. அப்போதைக்கப்போது வேகவைத்துத் தருவதால் முதியோர் வயிற்றுக்கு இட்டலியே முதல் துணை. எண்ணெய்ப் பண்டங்களைக் கண்ணால் மட்டும் உண்டு கடந்து செல்வது அறிவுடைமை.

மதுரைப் பக்கத்தின் தனிச்சிறப்பான பானம் பருத்திப்பால். பருத்தி விதையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்தெடுத்த பாலை அரிசி மாவோடு காய்ச்சி, கருப்பட்டி அல்லது வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்த்துத் தேங்காய்ப் பூ தூவித் தருவார்கள். நெஞ்சுக்கு இதமானது, சளிக்கு நல்லது என்று தலைமுறை தலைமுறையாகக் குடித்து வருகிறார்கள். சர்க்கரை நோய் உடையோர் இனிப்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். இல்லையேல் தம்பதியர் இருவரும் ஒரு குவளையைப் பகிர்ந்துகொள்ளலாம். ஐம்பது ஆண்டு இல்லறத்துக்குப் பின் ஒரே குவளையில் பகிர்ந்து குடிப்பதும் ஒரு பிரசாதம்தான்.

வெயில் காலத்தில் கம்பங்கூழ், நீர்மோர், நன்னாரி சர்பத், நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு. தை மாதத்தில் பனங்கிழங்கும் கரும்பும். எக்காலத்திலும் அவித்த கடலை, சுண்டல், பொரி. காலம் அறிந்து நிலம் தருவதையே தள்ளுவண்டிக்காரர்களும் கூடைக்காரப் பெண்களும் விற்கிறார்கள். ஜிகர்தண்டா மதுரைக்குப் புகழ் சேர்த்த பானமே எனினும், பாலும் பனிக்கூழும் இனிப்பும் மிகுந்தது. அதைப் பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்து, அவர்கள் குடிப்பதைப் பார்த்து மகிழ்வதே முதியோர்க்கு ஏற்றது.

நண்பகலில் கோயிலிலேயே அன்னதானம் உண்டு. தமிழகக் கோயில்களில் 2002இல் தொடங்கிய அன்னதானத் திட்டத்தின் பயன் இது. “வசதி இருந்தும் அன்னதானப் பந்தியில் அமர்வதா?” என்று தயங்குவோர் சிலர். அது ஏழைகளுக்கு இடும் சோறு அன்று. இறைவன் தன் வீட்டுக்கு வந்தவர்க்கு இடும் விருந்து. இயன்றவர்கள் உண்ட பின் அன்னதான உண்டியலில் தம்மால் ஆனதைச் சேர்க்கலாம். உண்பவனும் கொடுப்பவனும் ஒரே வரிசையில் அமரும் இடம் கோயில் பந்தி.

*குன்றை வலம் வரும் நடை*

நடக்கும் வலிமை உள்ளோர்க்கு மலையை வலம் வரும் பாதை ஏறத்தாழ 3 கிலோமீட்டர். வடக்கு வாசலிலிருந்து கிழக்காகத் திரும்பிச் சென்றால் சரவணப் பொய்கை எதிர்ப்படும். வேலால் தோன்றிய தீர்த்தம் என்பது ஐதிகம். மீன்களுக்குப் பொரி இடும் வழக்கம் நெடுநாளையது. பொரியோடு பிளாஸ்டிக் உறையையும் நீரில் எறிவது மட்டும் அண்மைக் காலத்துத் தீங்கு. நக்கீரர் பூசை செய்த கரை என்று கைகூப்பிய கையாலேயே அதனை மாசுபடுத்தலாகாது. உறையை மடித்துப் பையில் வைத்துக்கொள்ள எந்த முழங்காலும் தடை செய்யாது.

தெற்கே சென்றால் தென்பரங்குன்றத்தில் உமையாண்டார் குடைவரைக் கோயில். முற்காலத்தில் சமணர் குகையாக இருந்து, 13ஆம் நூற்றாண்டில் சிவாலயமானது. இன்று தொல்லியல் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. அங்கே கூட்டம் இராது. காற்றும் மயிலின் அகவலுமே துணை. மேற்குச் சரிவில் சமணத் துறவியர் தங்கிய கற்படுக்கைகளும் தமிழி எழுத்துகளும் உள்ளன. அவை உயரத்தில் இருப்பதால் கீழிருந்தே கைகாட்டிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மலைமேல் காசி விசுவநாதர் கோயிலும், மற்றொரு பக்கம் சிக்கந்தர் பாதுஷா தர்காவும் இருக்கின்றன. புரட்டாசி மாதக் கடைசி வெள்ளியன்று முருகனின் வேல் மலைமேல் எழுந்தருளி, அங்குள்ள சுனையில் அபிஷேகம் காணும். மலைக்குப் போக இயலாத அடியார்க்காகப் பெருமான் கீழே இருக்கிறான். அவனுக்காக அவன் வேல் மேலே சென்று வருகிறது.

முழுச் சுற்றும் நடக்க இயலாதோர் சரவணப் பொய்கை வரை சென்று திரும்பலாம். ஆட்டோ பேசிச் சுற்றி வந்தாலும் வலம் வலமே. திருஞானசம்பந்தர் சிவிகையில் சென்று பல தலங்களைப் பாடினார். அப்பரடிகள் நடந்தும் உருண்டும் சென்றார். சென்ற வகையைக் கொண்டு இறைவன் அருளைக் கூட்டியோ குறைத்தோ தரவில்லை. அச்சம்பந்தரும், மூவேந்தர் உடனிருக்கச் சுந்தரரும் பாடிய தேவாரத் தலம் இது.

*வந்திக் கிழவியின் பிட்டு*

பரங்குன்றத்து முருகனுக்குத் தன் ஊர் விட்டு மதுரை செல்லும் நாட்கள் ஆண்டில் சில உண்டு. சித்திரையில் தாய் மீனாட்சியின் திருக்கல்யாணத்துக்குச் செல்வான். தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கப் பவளக்கனிவாய்ப் பெருமாளும் உடன் எழுந்தருள்வார். பங்குனியில் முருகனின் திருக்கல்யாணத்துக்கு மீனாட்சியும் சொக்கநாதரும் பரங்குன்றத்துக்கு வந்து சிறப்பிப்பர். மகன் வீட்டு விசேடத்துக்குப் பெற்றோரும், பெற்றோர் வீட்டு விசேடத்துக்கு மகனும் வந்துபோகும் அழகு அது. ஆவணி மூலத்தில் நடைபெறும் பிட்டுத் திருவிழாவுக்கோ, பாண்டிய மன்னனின் கோலத்தில் அவன் மதுரை செல்கிறான்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும் கதை அனைவரும் அறிந்ததே. வைகை பெருகிக் கரை உடைந்தது. வீட்டுக்கு ஒருவர் வந்து பங்கிட்ட கரையை அடைக்க வேண்டும் என்பது அரசாணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் முதியவளுக்கு மகனும் இல்லை, கூலிக்கு ஆள் வைக்கப் பொருளும் இல்லை. நாள்தோறும் முதற்பிட்டைச் சொக்கனுக்குப் படைத்த பின்பே அவள் விற்பனை தொடங்குவாள். அவள் கண்ணீரைத் துடைக்கச் சொக்கனே கூலியாளாக வந்தான். கேட்ட கூலி, உதிர்ந்த பிட்டு. அன்று அவள் அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தது. உண்டு, ஆடி, உறங்கிய அந்தக் கூலியாளின் முதுகில் பாண்டியன் பிரம்பால் அடிக்க, அடி எல்லா உயிர் மேலும் பட்டது.

இக்கதையில் பெரியோர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இறைவன் அரண்மனை மடைப்பள்ளிக்குச் சென்று உண்ணவில்லை. தெருவோரம் அடுப்பு மூட்டி அமர்ந்திருந்த, ஆதரவற்ற ஒரு கிழவியின் கடையைத் தேடி வந்தான். அவளிடம் இலவசமாகவும் வாங்கவில்லை. மண் சுமந்து, உழைத்து, கூலியாகப் பெற்று உண்டான். அவள் தொழிலுக்கு மதிப்பும் அவள் முதுமைக்குத் துணையும் ஒருசேரக் கிடைத்தன.

இன்றும் எந்தக் கோயில் அடிவாரத்திலும் வந்தியர் இருக்கிறார்கள். இட்டலிச் சட்டியின் முன் குந்தியிருக்கும் பாட்டி, சுண்டல் கூடையோடு நிழல் தேடும் கிழவி, பூச்சரத்தைத் தண்ணீர் தெளித்துக் காக்கும் மூதாட்டி எனப் பலர். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. விற்றால்தான் அன்றைய அடுப்பு. ஓய்வூதியம் பெறும் முதியவர் ஒருவர், முழங்கால் வலிக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடும்போது, அதைவிட வலிக்கும் முழங்காலோடு காலை முதல் அடிவாரத்தில் அமர்ந்திருக்கும் ஒருத்தியின் கூடை விற்காமல் வீடு திரும்புகிறது. இவர் எளிய செலவில் ஒரு நாள் வெளியே சென்று வருவது, இவர் மனத்துக்கும் மருந்து. அவள் வயிற்றுக்கும் விருந்து.

ஆகவே அங்கே பேரம் பேசுவது அழகன்று. “அம்மா, உடம்பு எப்படி இருக்கிறது?” என்று ஒரு வார்த்தை கேட்டு, கேட்ட விலையைக் கொடுத்து, சுண்டல் பொட்டலத்தை இரு கையாலும் வாங்கிக்கொள்ளலாம். உண்டியலில் இடும் காணிக்கைக்கு அது சிறிதும் குறைந்ததன்று. உதிர்ந்த பிட்டை வாங்கிய கை எது என்பதை மதுரை மண் மறக்கவில்லை.

*செல்வோர்க்குச் சில குறிப்புகள்*

சஷ்டி, கார்த்திகை, வைகாசி விசாகம், தைத் தெப்பம், பங்குனி உத்திர நாட்களில் கூட்டம் பெருகும். விழாக் கோலம் காண விரும்புவோர் உறவினர் துணையோடு செல்வது நல்லது. அமைதியாகத் தரிசிக்க விரும்புவோர் முகூர்த்தமில்லாத சாதாரண நாளைத் தேர்ந்தெடுக்கலாம். பிற்பகலில் நடை சாத்தப்பெற்று மாலையில் மீண்டும் திறக்கும். இடைப்பட்ட நேரத்தில் மண்டப நிழலில் இளைப்பாறலாம்.

காலணியை விட்டபின் வெயில் ஏறிய கல்தரை காலைச் சுடும். ஆதலால் கோடையில் காலை எட்டு மணிக்குள்ளோ, மாலை வெயில் தாழ்ந்த பின்னோ செல்வது உகந்தது. குடிநீரையும், வேளை தவறாது உண்ண வேண்டிய மருந்தையும் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டாரின் தொலைபேசி எண்ணைச் சட்டைப் பையில் எழுதி வைத்திருப்பது தம்மைவிட வீட்டாரின் அமைதிக்கு உதவும். குரங்குகள் இன்றும் பரிபாடற் காலத்து உரிமையோடு வரும். தின்பண்டப் பையைத் தோளில் தொங்கவிடாமல் மடியில் வைத்துக்கொள்ளலாம்.

அண்டை வீட்டு முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வது மேலும் சிறப்பு. தனியே புறப்படத் தயங்குவோர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். “வருகிற வியாழக்கிழமை பரங்குன்றம் போகிறோம், நீங்களும் வாருங்கள்” என்ற ஒரு சொல், நெடுநாள் சாத்தியிருந்த ஒரு கதவைத் திறக்கும். வழி தெரிந்தவன் வழி தெரியாதவனுக்குச் சொல்வதுதானே ஆற்றுப்படை!

வேலால் மலையைப் பிளந்து ஆயிரவரை வெளிக்கொணர்ந்த பெருமான், முதுமை என்னும் குகைக்குள் தம்மைத் தாமே அடைத்துக்கொண்ட அடியவரையும் வெளியே அழைக்கிறான். ஒரு முழம் மல்லிகையும் ஒரு பொட்டலம் சுண்டலும் ஒரு பகற்பொழுதுமே அதற்கு வேண்டிய முதல். பரங்குன்றத்தான் அடிவாரத்திலேயே அமர்ந்திருக்கிறான். வாசற்படி ஒன்றை மட்டும் அடியார் தாண்டினால் போதும். மீதி வழியை அவன் வேல் நடத்தும்.